கத்திரிப்பூ நிறத்தில் ஐந்தரை மீட்டர்

கண்ணு,

நீ இதை ஆபீசில் உட்கார்ந்து பிரித்திருந்தால் இப்போதே மூடி வைத்துவிடு. வீட்டுக்குப் போய், காபி போட்டுக்கொண்டு, நிதானமாகப் படி. உன் அப்பன் கடிதம் எழுதிப் பல காலம் ஆகிறது. டிப்போவுக்கு லீவு லெட்டர் எழுதினதுதான் கடைசி. அதனால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் நானே போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். உன் பெரியப்பா மகன் குமரனிடம் கொடுத்தால் கோணல் இல்லாமல், எழுத்துத் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுத்துத் தருவான். ஆனால் இதை அவன் கையில் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. ஏன் என்று போகப் போக உனக்கே தெரியும்.

நான் வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகப் போகிறது. கள்ளக்குறிச்சி அப்படியேதான் இருக்கிறது. சேலம் வண்டிக்கு ஆள் பிடிக்கிறவன் கத்துவது பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் மொட்டை மாடி வரைக்கும் கேட்கிறது. மலையில் நல்ல மழை, கோமுகி அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று டீக்கடையில் பேச்சு. பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இன்னாங்க கண்டக்டரே, பொண்ணு கல்யாணத்த அங்க வெச்சிக்கினு நீங்க இங்க வந்து நிக்கிறீங்க?" விசா நாள் முடிந்துவிட்டது, அந்த ஊர் ஆபீசில் கல்யாணத்துக்கு நாள் கொடுத்ததே அதற்கு அப்புறம்தான் என்று ஒவ்வொருத்தருக்கும் விளக்கி விளக்கி எனக்கு வாய் வலிக்கிறது. பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள் போல. சண்டை போட்டிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். ஜெர்மனியில் மூன்று மாதம் உன்னோடு ஒரே வீட்டில் இருந்தேன். இன்று மழை வருமா, ஸ்வெட்டர் போட்டாயா, ரசத்தில் உப்பு கம்மியா என்று பேசினோம். பேச வேண்டியதை மட்டும் பேசவில்லை.

பேச வேண்டியது இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை உனக்குக் கல்யாணம். உங்கம்மாவை இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் மாப்பிள்ளை ஜோனாசுக்கு நீ படித்துச் சொல்ல வேண்டி வரும் என்பதால் எழுதுகிறேன். நம் பக்கத்தில் பூவும் பொட்டுமாய்ப் போன பெண்களைப் பூவாடைக்காரி என்போம். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் பத்திரிகை வைப்பதற்கு முன்னால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். புதுப்புடவை எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து, செம்பில் தண்ணீர் மொண்டு பூச் சுற்றி, கிணற்றடியிலிருந்து "வா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டு வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு வருவது. படையல் முடிந்ததும் அந்தப் புடவையை அந்த வீட்டுப் பெண் கட்டிக்கொள்வாள். படைக்கும்வரை அந்தத் துணியில் ஊசியும் படக் கூடாது, தண்ணீரும் படக் கூடாது. மகள் இருந்தால் மகள்தான் கூப்பிட வேண்டும். புருஷன் கூப்பிட்டு வருவதாக இருந்தால் உங்கம்மா இந்நேரம் எத்தனையோ தடவை வந்திருப்பாள். இந்த வீட்டில் நான் கூப்பிடாத நாள் கிடையாது.

நான் உன் வீட்டுக்கு வந்த பிறகுதானே கல்யாண விஷயத்தைச் சொன்னாய். எனக்குச் சந்தோஷம், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன் முதல் நாளே என் பெட்டியை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினானே, அப்போதே எனக்கு அவனைப் பிடித்துப் போய்விட்டது. மறுநாள் காலை ரொட்டி தின்னும்போது நான் மெதுவாக ஆரம்பித்தேன். "கண்ணு, கல்யாணம்னா அம்மாவுக்குப் படைக்கணும்மா" என்றேன். நீ கத்தியால் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாய். தடவுவதை நிறுத்தவில்லை. "அப்பா, அந்தப் பேச்சு வேணாம்பா. ஆபீசுக்கு டைம் ஆய்டுச்சு" என்றாய். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். ரொட்டி தட்டிலேயே கிடந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. படித்த திமிர், ஊர் விட்டு ஊர் போன திமிர், பெற்றவளுக்கு ஒரு பிடி சோறு வைக்க இவளுக்கு வெட்கம் என்று நானே எனக்குள் திட்டிக்கொண்டேன். யாரிடம் சொல்லித் திட்டுவது? வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

உங்கள் ஊரைக் குறை சொல்லவில்லை. தெரு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது, ட்ராம் சொன்ன நேரத்துக்கு வருகிறது. ஆனால் முப்பது வருஷம் பஸ்ஸில் நாள் முழுக்கப் பேசிப் பேசியே பிழைத்த ஆள் நான். "உள்ள போ, உள்ள போ", "கச்சிராயபாளையம் ஒண்ணா ரெண்டா", "ஏம்மா புள்ளைய மடியில வெச்சிக்கோ" என்று இந்த வாய் ஒரு நாளைக்கு எவ்வளவு பேசியிருக்கும்! அங்கே காலையில் நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரைக்கும் பிரிட்ஜ் மட்டும்தான் என்னோடு பேசும். வெள்ளிமலையில் மார்கழிக் குளிரில் ராத்திரி ஸ்டாப்பிங் போட்டு பஸ்ஸிலேயே படுத்தவன், குளிரெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை என்று வீம்பாக வந்தேன். அந்தக் குளிர் வேறு மாதிரி இருந்தது. நான்கு சுவருக்குள் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் போகவில்லை. எதிரே போகிற ட்ராம் டிரைவருக்குக் கையைத் தூக்கிக் காட்டுவேன், டிப்போக்காரனுக்குக் காட்டுகிற மாதிரி. ஒருத்தன் பதிலுக்குக் காட்டினான். அன்றைக்கு முழுக்க எனக்கு அதே சந்தோஷம்.

அப்படி நடந்து நடந்துதான் கால்வாய் ஓரத்துச் சந்தையைக் கண்டுபிடித்தேன். அடேயப்பா, அங்கே போனதும் காதில் சத்தம் விழுந்தது! தக்காளி விற்கிறவன் கத்துகிறான், மீன் விற்கிறவன் கத்துகிறான், ஆலிவ்காய் விற்கிறவன் ருசி பார்க்கச் சொல்லிக் கையில் வைக்கிறான். துருக்கிக்காரர்கள் என்று நீ அப்புறம் சொன்னாய். தியாகதுருகம் சந்தைக்குள் நுழைந்த மாதிரி எனக்கு உடம்பு இறுக்கம் விட்டது. அந்த வரிசைக் கடைசியில் நாலைந்து துணிக்கடைகள். தடித்தடியாகச் சுருள் சுருளாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். தைக்கிற பெண்கள் நின்று துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார்கள். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். பிறகு முகத்தைச் சுளித்துப் போட்டுவிட்டு நகர்ந்து, திரும்ப வந்து அதையே எடுக்கிறார்கள். உலகம் பூராவும் பொம்பளைகள் இப்படித்தான் துணி எடுப்பார்கள் போலிருக்கிறது. புடவை கிடைக்கிற கடைக்கு ரயில் ஏறி இன்னொரு ஊருக்குப் போக வேண்டும், அதற்கு உன்னைக் கேட்க வேண்டும். இங்கே யாரையும் கேட்க வேண்டாம். ஐந்தரை மீட்டர் நல்ல நூல் துணி வாங்கிவிட்டால் புடவை ஆகிவிட்டது. நீ வேண்டாம் என்றால் போ, உன் கல்யாணத்துக்கு உங்கம்மாவை நானே கூப்பிட்டுவிடுகிறேன் என்று மனசுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு என்ன எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. துணிக்கடைக்குப் போனால் அவள் உள்ளே போவாள், நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கடைக்காரன் கொடுத்த கலர் சோடாவைக் குடிப்பேன். பச்சையா, சிவப்பா, கரை வேண்டுமா, வேண்டாமா? கண்ணை மூடிக்கொண்டு அவளை நினைத்தேன். ஒரே ஒரு நிறம்தான் வந்தது. கத்திரிப்பூ. நாங்கள் முதன்முதலாகச் சண்டை போட்ட அன்றைக்குக் கட்டியிருந்தாள்.

அந்தச் சண்டையை உனக்கு உங்கம்மா அவள் பக்கமாகச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேள். அப்போது அவள் கரியாலூர்ப் பக்கம் கிராம நர்சு. கச்சிராயபாளையத்தில் ஏறுவாள், தோளில் ஐஸ் வைத்த ஊசி மருந்துப் பெட்டி. நான் வெள்ளிமலை ரூட்டுக்குப் புதுசு, ரூல்ஸ் ரூல்ஸ் என்று துள்ளுகிற வயசு. பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் எடு என்றேன். "இன்னாங்க நியாயம் இது? கொழந்தைங்களுக்குப் போடற மருந்துக்கு லக்கேஜா?" என்றாள். ரூல்ஸ் அப்படி என்றேன். "அப்ப பெட்டிய நீங்களே தூக்கிக்கினு போய் ஊசி போட்டுட்டு வாங்க" என்று என் மடியில் வைத்துவிட்டாள்! பஸ்ஸே சிரித்தது. மலைக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அவள் கட்சி. கொண்டை ஊசி வளைவு எல்லாம் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் டிக்கெட்டைக் கிழித்து நானே காசு போட்டேன். மறுநாள் அவள் ஏறும்போது பெட்டியை வாங்கி வைக்க நான் எழுந்து நின்றேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை இல்லாத வாரம் இல்லை, பேசாத நாளும் இல்லை. ஜோனாசோடு நீயும் நன்றாகச் சண்டை போடு கண்ணு. அவன் பாஷையில் வரவில்லை என்றால் உன் பாஷையில் திட்டு. புரியாவிட்டாலும் பரவாயில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே மட்டும் போய்விடாதே.

கத்திரிப்பூ நிறத்தில், பொடிப்பொடியாக வெள்ளைப்பூ போட்ட ஒரு சுருள் இருந்தது. கடைக்காரி என் வயசுப் பொம்பளை, தலையில் முக்காடு. ஐந்து விரலைக் காட்டி, ஒரு விரலைப் பாதியில் மடக்கிக் காட்டினேன். அவள் காற்றில் சதுரமாகக் கோடு போட்டு ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. சட்டையா என்று என் சட்டையைத் தொட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். எப்படிச் சொல்வது? சரி வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது என்று சுருளிலிருந்து துணியை இழுத்து, இடுப்பைச் சுற்றி, கொசுவம் வைத்து, தோளில் முந்தானை போட்டுக் காட்டினேன். யோசித்துப் பார், மங்கி குல்லா, மீசை, ஸ்வெட்டர், அதற்கு மேல் கத்திரிப்பூ முந்தானை! பக்கத்துக் கடைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, உன் பெண்சாதிக்கா என்று கையால் கேட்டாள். ஆமாம் என்றேன். எங்கே, வீட்டிலா என்று கையை விரித்தாள். நான் மேலே காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. துணியை என் தோளிலிருந்து எடுத்து, பலகையில் விரித்து, நீவி நீவி அளந்து வெட்டினாள். அளவுக்கு மேல் ஒரு சாண் கொசுறு விட்டாள். படையல் துணிக்குப் பேரம் பேசுவதில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது கால்வாய்ப் பாலத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன் கண்ணு. அந்த மூன்று மாதத்தில் உங்கம்மா எங்கே என்று என்னைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

வீட்டுக்கு வந்து உன் சமையலறை டப்பாவில் இருந்த மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தொட்டேன். விரித்துப் பார்த்தால் அகலம் புடவையைவிட ஏறக்குறைய ஒரு முழம் ஜாஸ்தி. கட்டினால் கொசுவம் நெஞ்சுக்கு வரும். "இன்னாத்த வாங்கிக்கினு வந்து நிக்கிற மனுசா, போர்வையா?" என்று அவள் கேட்கிற மாதிரியே இருந்தது. மடித்து என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் எங்கேயோ போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அன்றைக்கு நானே சோறு ஆக்கி, கருவாட்டுக் குழம்பு வைத்து, முறையோ முறையில்லையோ கூப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் நடந்துவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், கூடத்து ஜன்னலில் உங்கம்மா புடவை தொங்குகிறது. ஊருக்கு எவ்வளவு எடை கொண்டுபோகலாம் என்று பார்க்க என் பெட்டியை எடுத்தாயாம். "அப்பா, ஸ்க்ரீன் துணி வாங்கினியா? எங்கிட்ட சொல்லவேயில்ல. கரெக்டா ஜன்னல் உயரத்துக்கு இருக்குது பாரு" என்றாய். அந்த ஜன்னலுக்குத் திரை இல்லை, ட்ராமில் போகிறவன் எல்லாம் வீட்டுக்குள்ளே பார்க்கிறான் என்று வந்த நாளிலிருந்து நீ சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஜோனாஸ் பக்கத்தில் நின்று கட்டை விரலைக் காட்டிச் சிரித்தான். என்ன சொல்வது? செத்தவளுக்கு எடுத்த துணி, கழற்று என்றா? "நல்லாக்குதும்மா" என்றேன். ஐந்தரை மீட்டரையும் வெட்டாமல், மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, கம்பியில் கிளிப் போட்டு மாட்டியிருந்தாய். "இன்னா சோம்பேறித்தனம், ஜோனாஸ் அம்மா குடுத்த தையல் மிஷின்தான் இருக்குதே, ஓரம் அடிக்கக் கூடாதா?" என்று வேறு கேட்டேன். "இருக்கட்டும்பா, இப்படியே நல்லாருக்குது" என்றாய். நான் போய்ப் பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் பகலெல்லாம் அந்தத் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத்தான் இருந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள்? பேசினேன். "பாத்தியா உம்பொண்ணு பண்ண வேலைய" என்பேன். சாயங்காலம் நீ வந்தால் வாயை மூடிக்கொள்வேன். நீயும் அந்த நாற்காலியிலேயேதான் வந்து உட்கார்ந்தாய். போன் பார்த்தாலும் அங்கே, தலை வாரினாலும் அங்கே. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. முப்பது வருஷம் ஜனங்களின் முகத்தைப் பார்த்தே எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொன்னவன், சொந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

ஏர்போர்ட்டில் நீ எனக்குத் தண்ணீர் வாங்கப் போயிருந்தபோது ஜோனாஸ் பேசினான். அவன் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் எப்படியோ ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அந்தத் திரையில் என்ன விசேஷம் என்று கேட்டான். ஒரு நாள் நான் வெளியே போயிருந்தபோது அதில் அவன் காபி சிந்திவிட்டானாம். துவைக்கலாம் என்று கழற்றப் போனானாம். நீ ஓடி வந்து பிடுங்கிக் கத்தினாயாம். தண்ணீர் படக் கூடாது, ஊசியும் படக் கூடாது என்று சொல்லிவிட்டு, துணியைக் கையில் பிடித்தபடி நின்றாயாம். அழுதாளா என்று கேட்டேன். இல்லை, ஆனால் ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை என்றான். நீ தண்ணீர் பாட்டிலோடு வந்தாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ, "இன்னாப்பா அப்படிப் பாக்கிற, ஃபிளைட்ல சாப்பாடு நல்லா இல்லாட்டியும் சாப்புடு" என்றாய். பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

விமானத்தில் பத்து மணி நேரம் அதையேதான் நினைத்தேன். கள்ளக்குறிச்சிப் பெண்ணுக்கு மூலையில் மஞ்சள் தொட்ட கோடித் துணியைப் பார்த்தால் அது என்ன என்று தெரியாதா? தெரிந்துதான் மாட்டியிருக்கிறாய். படைத்தால் அவள் செத்துவிட்டாள் என்று நீயே உன் வாயால் ஒத்துக்கொண்டதாகிவிடும். அது உன்னால் முடியவில்லை. துணியை எடுத்துப் பெட்டியில் திரும்ப வைக்கவும் முடியவில்லை. அதனால் வீட்டிலேயே, வெளிச்சம் வருகிற இடத்தில், நீ உட்காருகிற நாற்காலிக்குப் பக்கத்தில் அவளை வைத்துக்கொண்டாய். இதைப் போய்த் திமிர் என்று திட்டினேனே, என் புத்தியை எதால் அடிப்பது.

உனக்கு ஏன் முடியவில்லை என்றும் எனக்கு இப்போது புரிகிறது. உங்கம்மா போன அன்றைக்கு உன் பாஸ்போர்ட் அந்த ஊர் ஆபீசில் மாட்டிக்கொண்டு நீ கிளம்ப முடியவில்லை. குமரன்தான் உனக்குப் போன் போட்டான், குமரன்தான் போனைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் காட்டினான். கூட்டத்தில் சிக்னல் இல்லாமல் படம் நின்று நின்று போனதாம், நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். அவன் வந்து என் காதில், "சித்தப்பா, தங்கச்சிக்கு நான் சொல்லிட்டேன்" என்றான். நானும் பந்தலில் உட்கார்ந்தபடி தலையை ஆட்டினேன். ஆறு மாதம் கழித்து நீ வந்தாய். சாக்லேட் கொண்டுவந்தாய், பிரிட்ஜைத் துடைத்தாய், எனக்குச் சுகர் டெஸ்ட் எடுக்க வைத்தாய், போய்விட்டாய். பெண் தைரியசாலி என்று ஊரே பாராட்டியது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் முறை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை உன் கல்யாணத்தை நான் போனில்தான் பார்க்கப் போகிறேன். நீ மோதிரம் மாற்றும்போது வட்டம் சுற்றினாலும் சுற்றும். நேற்று உட்கார்ந்து யோசித்தேன், அந்தச் சின்னக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, என் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று என் மனசு நம்புமா? நம்பாது கண்ணு. நீ போன் பண்ணி, "அப்பா, எனக்குக் கல்யாணம் ஆய்டுச்சு" என்று உன் வாயால் சொன்னால்தான் நம்பும். சிலது பெற்றவர்கள் வாயாலும் பெற்ற பிள்ளை வாயாலும்தான் வர வேண்டும். குமரன் நல்ல பையன், அவனைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அது அவன் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை.

அந்தத் திரையை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். ஜன்னலிலேயே இருக்கட்டும், இல்லை அன்றைக்குக் கட்டிக்கொள்கிறாயா, கட்டிக்கொள். அது பெரிசில்லை. இந்த வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே குறை, அவளைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்பதுதான். காலையில் எழுந்தால் இரண்டு டம்ளர் எடுக்கிறேன். ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். அங்கே நீயும் யாரிடமும் பேசாமல் அவளை ஒளித்து வைத்திருக்கிறாய், இங்கே நானும். இரண்டு பேரும் தனித்தனியாக ஏன் இப்படிக் கஷ்டப்பட வேண்டும்? அதனால்தான் எழுதுகிறேன். இதற்கு மேல் எழுத்தில் எழுத எனக்கு வரவில்லை, பேசுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

கண்ணு, அப்பா சொல்றேன். உங்கம்மா செத்துப்போச்சும்மா. நம்ம வூட்டுக் கூடத்துல, காலையில, காபி டம்ளரக் கீழ வெச்சிட்டு, என் கை மேல சாஞ்சிக்கினு செத்துப்போச்சு. ரொம்பக் கஷ்டப்படல. உன் பேரச் சொல்லல, யார் பேரையும் சொல்லல, அதுக்கு நேரமில்ல. நான் பக்கத்துலதான் இருந்தேன், கைய விடல. இத உங்கிட்ட அன்னிக்கே நான்தான் சொல்லியிருக்கணும். இப்ப சொல்லிட்டேன். எவ்ளோ நேரம் ஆனாலும் சரி, நல்லா அழு. அழுதுட்டு, எழுந்து மூஞ்சி கழுவிக்கினு, "அம்மா, எனக்குக் கல்யாணம், வா"ன்னு அதக் கூப்புடு. அதுக்கப்புறம் என்னக் கூப்புடு.

அப்பா